ஆப்டிகல் ஃப்ளோ தப்பாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

முதல் பிரேமில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் அடுத்த பிரேமில் எங்கே போய் நிற்கிறது என்று சொல்வதுதான் ஆப்டிகல் ஃப்ளோவின் வேலை. இதில் ஒரு தொல்லை உண்டு. விடை தவறாக இருந்தாலும் நிரல் நின்றுவிடாது, எச்சரிக்கையும் வராது. நகர்வின் திசையை நிறமாகவும் அளவைப் பிரகாசமாகவும் காட்டும், பார்க்க அழகான ஒரு வண்ணப்படம் வந்து நிற்கும். அதை நம்பிக்கொண்டு, அளவுருக்களைத் திருகுவது, முறையை மாற்றுவது, பெரிய மாடலை இறக்குவது என்று நாள்கள் போய்விடும். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் முறையில் இருப்பதில்லை. உள்ளே போகும் பிரேம்களில் இருக்கும், அல்லது வெளியே வரும் எண்களை நாம் படிக்கும் விதத்தில் இருக்கும். முறையை மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு சோதனைகள்

அறிகுறி எதுவானாலும் முதலில் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள்.

ஒன்று, விடை தெரிந்த கணக்கைக் கொடுப்பது. ஒரே ஒரு பிரேமை எடுத்து, அதை வலப்பக்கம் 5 பிக்சலும் கீழே 2 பிக்சலும் தள்ளி, அதையே இரண்டாவது பிரேமாகக் கொடுங்கள். ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியில் ஃப்ளோவின் மீடியனை, அதாவது நடு மதிப்பை, பாருங்கள். (5, 2) வர வேண்டும். இரண்டு எண்களும் வேறு வேறாக இருப்பதால் தப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். (2, 5) வந்தால் எங்கோ வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறிவிட்டன. பைத்தானின் எண் நூலகமான நம்பை (NumPy) தரும் அணியில் முதல் எண் வரிசை, ஃப்ளோவிலோ முதல் எண் கிடைத்திசை, இந்தக் குழப்பம் எல்லோருக்கும் ஒரு முறையாவது வரும். (−5, −2) வந்தால் பிரேம்களைத் தலைகீழ் வரிசையில் கொடுத்திருக்கிறீர்கள். (5, −2) என்றால் மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்துக்கொள்ளும் ஏதோ ஒரு பகுதி நடுவில் இருக்கிறது. (2.5, 1) என்றால் படத்தைப் பாதியாகச் சுருக்கிக் கணக்கிட்டு, ஃப்ளோவைத் திரும்பப் பெரிதாக்கும்போது எண்களை 2-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள்.

கடைசியாகச் சொன்னதில் இன்னொரு வகையும் உண்டு. 1920×1080 படத்தை 1024×436 ஆக்கினால் இரண்டு திசைக்கும் விகிதம் வேறு: கிடையாக 1.875, நெடுக்காகச் சுமார் 2.48. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினால் எல்லா வெக்டர்களும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பார்த்தால் தப்பென்றே தோன்றாது.

இரண்டாவது சோதனை, வார்ப் செய்து பார்ப்பது. இரண்டாவது பிரேமை ஃப்ளோவின்படி முதல் பிரேமின் இடத்துக்கு இழுத்து வாருங்கள். அதையும் அசல் முதல் பிரேமையும் ஒரே சாளரத்தில் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ஃப்ளோ சரியாக உள்ள இடம் அசையாமல் நிற்கும், தவறான இடம் துள்ளும். ஓப்பன்சிவி (OpenCV) என்ற படச்செயலாக்க நூலகத்தின் ரீமேப் (remap) கட்டளை "எங்கிருந்து எடுக்கட்டும்" என்று கேட்கும், "எங்கே வைக்கட்டும்" என்று கேட்காது. ஆகவே (x, y) பிக்சலின் ஃப்ளோ (u, v) என்றால், (x + u, y + v) என்ற இடத்தில் இரண்டாவது பிரேமைப் படித்து (x, y) இல் வைக்க வேண்டும். அதே வரைபடத்தால் முதல் பிரேமை இழுத்துவிட்டு இரண்டாவதோடு ஒப்பிட்டால், விலகல் நீங்குவதற்குப் பதில் இரட்டிப்பாகும். ஃப்ளோ சரியாகவே இருந்தும் அதன்மேல் பழி விழும்.

வித்தியாசப் படம் போடுவதாக இருந்தால் பிரேம்களை ஃப்ளோட்டாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். 8 பிட் எண்களில் 10-லிருந்து 20-ஐக் கழித்தால் நம்பை 246 என்று சொல்லும். ஒன்றுமில்லாத இடம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும்.

எதுவுமே நகரவில்லை, ஆனாலும் படம் முழுக்க வண்ணம்

முதலில் வண்ணம் தீட்டும் நிரலைப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொரு பிரேமிலும் உள்ள மிகப் பெரிய வெக்டரை முழுப் பிரகாசமாக எடுத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப அளக்கும். அசையாத காட்சியில் மிகப் பெரிய வெக்டரே 0.05 பிக்சல்தான் என்றால் அந்த இரைச்சலும் 50 பிக்சல் நகர்வைப் போலப் பளபளக்கும். வீடியோவாக ஓட்டினால் வண்ணம் மினுமினுப்பதும் இதனால்தான். உச்ச அளவை, உதாரணமாக 20 பிக்சல் என்று, முழு வீடியோவுக்கும் ஒரே எண்ணாக வைத்துவிடுங்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் வேறு நிறம் வந்தால், ஓப்பன்சிவியில் 8 பிட் படத்துக்கு நிறக்கோணம் 0 முதல் 179 வரைதான் என்பதை நினைவில் வையுங்கள். கோணத்தை டிகிரியில் எடுத்து 2-ஆல் வகுக்க வேண்டும்.

அளவை நிலையாக்கிய பிறகும் வண்ணம் போகவில்லை என்றால் உண்மையிலேயே பிரகாசம் மாறுகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆப்டிகல் ஃப்ளோவின் அடிப்படை முறைகளான ஹார்ன்–ஷங்க், லூக்காஸ்–கனடே இரண்டும் 1981-இல் வந்தவை. இரண்டுமே ஒரு பிக்சல் எங்கே போனாலும் அதன் பிரகாசம் மாறாது என்ற அனுமானத்தின்மேல் நிற்பவை. கேமரா தானாக எக்ஸ்போஷரைக் கூட்டி, படம் முழுக்கப் பிரகாசம் 2 அளவு ஏறிவிட்டது என்று வையுங்கள். ஒரு மென்மையான நிழல் சரிவில், ஒரு பிக்சலுக்கு 4 அளவு என்ற வீதத்தில் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. கணக்கு என்ன சொல்லும்? −2 ÷ 4, அதாவது −0.5 பிக்சல். எதுவும் நகராத இடத்தில் அரை பிக்சல் நகர்வு. ஒரு பிக்சலுக்கு 40 அளவு மாறும் கூர்மையான விளிம்பில் அதே பிழை 0.05 பிக்சல்தான். ஆகவே விளிம்புகள் ஒழுங்காகவும் மென்மையான பரப்புகள் மிதப்பதாகவும் தெரிந்தால் எக்ஸ்போஷரைச் சந்தேகப்படுங்கள். இன்னும் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு: சுவரில் விழும் விளக்கொளி வட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒருபுறச் சரிவு ஏறுமுகம், மறுபுறம் இறங்குமுகம் என்பதால் வெக்டர்கள் எல்லாப் பக்கமும் வெளிநோக்கி விரியும். பிரகாசம் குறையும்போது உள்நோக்கிச் சுருங்கும். சுவர் மூச்சு விடுவது போல இருக்கும்.

படம் எடுப்பது உங்கள் கையில் இருந்தால் எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள், அதற்கு ஈடான வழி வேறில்லை. ஏற்கனவே எடுத்துவிட்ட வீடியோ என்றால், ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் சுற்றுப்புறச் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்த படத்தைக் கொடுங்கள். அல்லது பிரகாசத்துக்குப் பதில் அதன் சரிவை ஒப்பிடும் முறையையோ சென்சஸ் மாற்றத்தையோ (பக்கத்துப் பிக்சல்களைவிட வெளிச்சமா இருட்டா என்று மட்டும் குறிப்பது) பயன்படுத்துங்கள். ஹிஸ்டோகிராமை, அதாவது பிரகாசங்களின் பரவலை, பிரேமுக்குப் பிரேம் தனித்தனியாகச் சமன்செய்யாதீர்கள். பிரகாச மாற்றத்தைத் தீர்க்கப் போய்ப் புதிதாக ஒரு பிரகாச மாற்றத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கிடைக்கோடுகளாகப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் அது விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும்; 30 பிரேம் கேமராவில் அது 3 பிரேமுக்கு ஒருமுறை திரும்பிவரும் பட்டையாகத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் போய்விடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120 அல்லது 1/60.

சில பிரேம்களில் மட்டும் ஃப்ளோ சுழியாகிறது, அல்லது திடீரென்று துள்ளுகிறது

சீராக நடந்துபோகும் ஒருவரின் வீடியோ. நான்கு பிரேம் ஒழுங்காக நகரும், ஐந்தாவதில் ஃப்ளோ சுழி, மறுபடியும் நான்கு ஒழுங்கு. இதே வீடியோவோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஃப்ளோ சொன்னதுதான் உண்மை. 24 பிரேம் வீடியோவை யாரோ 30 பிரேமாக மாற்றியிருந்தார்கள், நான்குக்கு ஒன்று வீதம் பிரேம் அப்படியே இருமுறை பதிந்திருந்தது. அன்றிலிருந்து எந்த வீடியோ வந்தாலும், அடுத்தடுத்த பிரேம்களின் சராசரி வித்தியாசத்தை ஒரு வரைகோடாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சுருக்கப்பட்ட வீடியோவில் இரட்டைப் பிரேமின் வித்தியாசம் துல்லியமாகச் சுழியாக இருக்காது. ஆனால் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் பள்ளம் போல இறங்கித் தெரியும். அந்தப் பிரேம்களைத் தூக்கிவிடுங்கள்.

வேகத்தை நொடிக்கு இத்தனை பிக்சல் என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கைபேசி வீடியோக்களில் பிரேம் இடைவெளி எப்போதும் ஒன்றாக இருக்காது. கோப்பின் தலைப்பில் உள்ள பிரேம் வீதத்தை நம்பாமல் ஒவ்வொரு பிரேமின் நேரமுத்திரையை எடுத்து வகுங்கள்.

இருட்டான, மெதுவாக நகரும் பகுதிகள் கட்டம் கட்டமாக உறைந்து நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவினால் அது சுருக்கத்தின் வேலை. மாற்றம் சிறியது என்று முடிவு செய்த கட்டத்தை என்கோடர் முந்தைய பிரேமிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடும். முழுப்பிரேம் ஒன்று வரும்போது எல்லாம் சேர்த்துத் திருத்தப்படும். போன தகவலை எந்த வடிகட்டியும் திருப்பித் தராது. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். நகரும் விளிம்புகள் சீப்புப் பற்கள் போலத் தெரிந்தால் இன்டர்லேஸ் வீடியோ (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வேறு வேறு நேரத்தில் பதிவானது), முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

வேகமாகப் போவது மட்டும் குப்பையாக வருகிறது

லூக்காஸ்–கனடே கணக்கு ஓரிரு பிக்சல் நகர்வுக்குத்தான் செல்லும். அதற்கு மேல் பிரமிட் வேண்டும்: படத்தைப் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டே போய், சிறிய படத்தில் தொடங்கி இறங்கி வருவது. ஓப்பன்சிவியில் உச்ச நிலை 3 என்று வைத்தால் அது நான்கு படங்கள், கடைசியில் 8-இல் ஒரு பங்கு அளவு. 40 பிக்சல் நகர்வு அங்கே 5 பிக்சலாகும், 21×21 விண்டோவுக்குள் (ஒரு புள்ளியைச் சுற்றிக் கணக்கில் எடுக்கும் சதுரம்) அடங்கிவிடும். 200 பிக்சல் அங்கேயும் 25 பிக்சல், அடங்காது. உங்கள் வீடியோவில் மிக வேகமான பொருள் எத்தனை பிக்சல் தாவுகிறது என்பதை இரண்டு பிரேமைத் திறந்து சுட்டியை வைத்து அளந்துவிட்டு நிலைகளை முடிவு செய்யுங்கள்.

நிலைகளைக் கூட்டியும் மெலிந்த பொருள் மட்டும் காணாமல் போகும். வீசும் கை, பறக்கும் பந்து, கயிறு. 6 பிக்சல் அகலக் கை 8-இல் ஒரு பங்கில் ஒரு பிக்சல்கூட இல்லை. அந்த நிலையில் பின்னணிதான் இருக்கிறது, பின்னணியின் நகர்வுதான் கீழே இறங்கி வருகிறது. இங்கே அளவுருவைத் திருகிப் பயனில்லை. பிரேம் வீதத்தை இரட்டிப்பாக்கினால் நகர்வு பாதியாகும், அதுதான் முதல் தீர்வு. முடியாவிட்டால் எல்லா இடத்தையும் எல்லா இடத்தோடும் ஒப்பிடும் ராஃப்ட் (RAFT) போன்ற நரம்பு வலை மாடலுக்குப் போகலாம்.

கூடவே மங்கலையும் பாருங்கள். 25 பிரேம் வீடியோவில் ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், 40 பிக்சல் தாவும் பொருள் 20 பிக்சல் நீளத்துக்கு இழுபட்டிருக்கும். பொருத்திப் பார்க்க அதில் அமைப்பே மிஞ்சியிருக்காது.

வெற்றுச் சுவரில் சுழி, நீளமான விளிம்பில் திசை தப்பு

பட்டைகள் மட்டுமே உள்ள ஒரு பரப்பைச் சிறிய துளை வழியே பாருங்கள். பட்டைக்குக் குறுக்கே நகர்ந்தால் தெரியும், நெடுக நகர்ந்தால் தெரியாது. விண்டோவுக்குள் இருப்பது அவ்வளவுதான் என்றால் கணக்கால் மற்றதைக் கண்டுபிடிக்க முடியாது. விண்டோவின் சரிவு அணியின் இரண்டு ஐகன் மதிப்புகளை (இரண்டு திசைகளில் பிரகாசம் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் எண்கள்) பாருங்கள்: இரண்டும் பெரிதென்றால் மூலை, நம்பலாம், ஒன்று மட்டும் பெரிதென்றால் விளிம்பு, குறுக்குத் திசையை மட்டும் நம்பலாம், இரண்டும் சிறிதென்றால் வெற்றிடம். சிறிய மதிப்புக்கு வரம்பு வைத்து மற்றதை ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் ஃப்ளோ தரும் அடர்த்தியான முறைகள் இந்த இடங்களை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிவிடும். நிரப்பியதும் மென்மையாக, நம்பும்படி இருக்கும். வார்ப் சோதனையும் இங்கே உதவாது, ஏனென்றால் வெற்றுச் சுவரை எப்படி இழுத்தாலும் வெற்றுச் சுவர்தான். இந்த இடங்களில் வரும் எண்ணை அளவீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஊகம்.

நகர்வு நேர் எதிர்த்திசையில் வருகிறது

மொத்தப் படமும் எதிர்த்திசை என்றால் முதல் சோதனையிலேயே பிடிபட்டிருக்கும். வேலிக்கம்பி, ஓடு, சக்கரத்தின் ஆரம் போன்ற திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் மட்டும் எதிர்த்திசை என்றால் அது இடைவெளிக் கணக்கு. கம்பிகள் 12 பிக்சலுக்கு ஒன்று, பிரேமுக்கு 8 பிக்சல் வலப்பக்கம் நகர்கின்றன. அடுத்த கம்பி இடப்பக்கம் 4 பிக்சலில்தான் இருக்கிறது, கணக்கு அதைத்தான் பிடிக்கும். நகர்வு இடைவெளியில் பாதியைத் தாண்டினாலே இது நடக்கும். பிரேம் வீதத்தைக் கூட்டுங்கள், அல்லது வேலியின் முனையும் சேர்ந்து விழும்படி விண்டோவைப் பெரிதாக்குங்கள்.

பொருளின் ஓரத்தில் ஃப்ளோ வழிகிறது, வார்ப் செய்தால் பேய் உருவம்

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள், பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

வழிவது விண்டோவால் அல்லது மென்மையாக்கலால். விண்டோவில் பாதி நடப்பவர், பாதி சுவர் என்றால் விடை இரண்டுக்கும் நடுவில் வரும், நடப்பவரைச் சுற்றிச் சுவரும் கொஞ்சம் நடக்கும். விண்டோவைச் சிறிதாக்கினால் குறையும், ஆனால் இரைச்சல் கூடும். ஹார்ன்–ஷங்க் வித்தியாசத்தை வர்க்கமாக்கித் தண்டிப்பதால் கூர்மையான எல்லை அதற்குப் பிடிக்காது. 2007-இல் வந்த டிவி–எல்1 (TV-L1) முறை தனிமதிப்பை எடுத்துக்கொள்வதால் எல்லையை உடைய விடும். ஓரம் முக்கியம் என்றால் அதற்கு மாறுங்கள். ஓப்பன்சிவியில் உள்ள ஃபார்ன்பாக் முறையை வைத்துக்கொண்டு ஓரத்தோடு போராட வேண்டாம்.

பேய் உருவம் வேறு கதை. முதல் பிரேமில் தெரிந்த சுவரின் ஒரு துண்டை இரண்டாவதில் நடப்பவர் மறைத்துவிட்டார். அந்தத் துண்டின் ஃப்ளோ சரியாகவே இருந்தாலும், அது காட்டும் இடத்தில் இப்போது அவருடைய சட்டைதான் இருக்கிறது. வார்ப் அதை எடுத்துவந்து போடும், சட்டை இரண்டு இடத்தில் தெரியும். இதைத் தீர்க்க முயலாதீர்கள், கண்டுபிடித்து ஒதுக்குங்கள். முன்னோக்கியும் பின்னோக்கியும் ஃப்ளோ கணக்கிடுங்கள். ஒரு பிக்சலிலிருந்து முன்னோக்கிப் போய், போய்ச் சேர்ந்த இடத்தில் பின்னோக்கிய ஃப்ளோவைப் படித்து இரண்டையும் கூட்டினால் சுழிக்கு அருகில் வர வேண்டும். கூட்டுத்தொகையின் வர்க்கம், இரண்டு ஃப்ளோவின் வர்க்கங்களின் கூட்டலில் 0.01 பங்குடன் 0.5 சேர்த்த அளவைத் தாண்டினால் ஒதுக்கலாம். 10 பிக்சல் நகர்வுக்கு இது சுமார் 1.6 பிக்சல் விலகல். பின்னோக்கிய ஃப்ளோவைத் தொடங்கிய இடத்தில் படிப்பது வழக்கமான தவறு, போய்ச் சேர்ந்த இடத்தில் படிக்க வேண்டும்.

பின்தொடரும் புள்ளிகள் மெல்ல வழுக்குகின்றன

ஓப்பன்சிவி ஒவ்வொரு புள்ளிக்கும் தரும் நிலை எண் (status) 1 என்றால் "ஏதோ கிடைத்தது" என்றுதான் பொருள், சரி என்று பொருளில்லை. மேலே சொன்ன முன்–பின் சோதனையைப் புள்ளிகளுக்கும் வையுங்கள். அப்புறமும் வழுக்கினால் சிறு சாய்வு சேர்ந்துகொண்டே போகிறது: பிரேமுக்கு 0.1 பிக்சல் ஒரே பக்கமாகத் தப்பினால் 300 பிரேமில் 30 பிக்சல். ஷி, டொமாசி என்ற ஆய்வாளர்கள் 1994-இலேயே சொன்ன வழி இன்றும் நல்லது. பிரேமுக்குப் பிரேம் வெறும் இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுங்கள், அவ்வப்போது தற்போதைய துண்டை முதல் பிரேமின் துண்டோடு சாய்வும் திருப்பமும் அனுமதித்து ஒப்பிடுங்கள். ஒப்புமை கெட்டால் புள்ளியை விட்டுவிடுங்கள்.

பெரிய மாடல் போட்டும் பழைய முறையைவிட மோசம்

உள்ளீட்டு அளவைப் பாருங்கள். ராஃப்ட்டின் அசல் நிரல் 0–255 எண்களை வாங்கி உள்ளே தானே மாற்றிக்கொள்ளும். டார்ச்விஷன் (torchvision) நூலகத்தில் உள்ள வடிவம் −1 முதல் 1 வரை எதிர்பார்க்கும். மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி வராது, மென்மையான தவறான ஃப்ளோ வரும். ஓப்பன்சிவி படங்களை நீலம்–பச்சை–சிவப்பு வரிசையில் திறக்கும், அதைத் திருப்புங்கள். நீளமும் அகலமும் 8-ஆல் வகுபட வேண்டும்: 436 வகுபடாது, 440 ஆக ஓரம் சேர்த்து, விடையிலிருந்து அந்த ஓரத்தை வெட்டுங்கள். மாடலைப் பயிற்சி நிலையிலிருந்து மதிப்பீட்டு நிலைக்கு (eval) மாற்ற மறந்தாலும் இதே அறிகுறிதான்.

நினைவகம் போதவில்லை என்றால் கணக்கு இதோ. ராஃப்ட் ஒப்பிடுவது 8-இல் ஒரு பங்கு அளவில்: 1920×1080 படம் அங்கே 240×135, அதாவது 32,400 இடங்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் சுமார் 105 கோடி எண்கள், ஒன்றுக்கு 4 பைட் என்றால் 4.2 ஜிபி. மற்ற நிலைகளையும் சேர்த்தால் 5.6 ஜிபி. நீள அகலத்தைப் பாதியாக்கினால் இது 16-இல் ஒரு பங்காகும்.

சரியான விடையோடு வரும் கிட்டி (KITTI) சோதனைத் தரவோடு ஒப்பிடும்போது மட்டும் பிழை பூதாகரமாக வந்தால் கோப்பைப் படிப்பதில்தான் தப்பு. அது 16 பிட் படம். எண்ணிலிருந்து 32,768-ஐக் கழித்து 64-ஆல் வகுக்க வேண்டும், மூன்றாவது சேனல் செல்லுமா செல்லாதா என்ற குறி. ஓப்பன்சிவியில் திறந்தால் சேனல் வரிசை திரும்பியிருக்கும், அந்தக் குறியையே கிடைத்திசை நகர்வாகப் படித்துவிடுவீர்கள்.

வார்ப் கச்சிதம், ஆனால் நகராத தரை நகர்கிறது

தரையில் விழுந்த நிழல் நகர்கிறது, கண்ணாடியில் பிரதிபலிப்பு நகர்கிறது. முறை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது: அது பார்ப்பது ஒளி அமைப்பின் நகர்வை, பொருளின் நகர்வை அல்ல. இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரே நிறத்தில் பளபளப்பான பந்து ஒன்று இருந்த இடத்திலேயே சுழன்றால், மேலே தெரியும் ஒளிப்பொட்டு அசையாது, ஃப்ளோவும் சுழி. பொருளின் நகர்வுதான் வேண்டும் என்றால் பந்தின்மேல் புள்ளிகள் வையுங்கள். நிழலுக்கு, பிரகாசத்தை விட்டுவிட்டு நிறச்சாயலில் மட்டும் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். பிரகாசத்தில் நகர்ந்து சாயலில் நகராத பகுதி பெரும்பாலும் நிழல்தான், அதை மறைத்துவிட்டுச் சராசரி எடுக்கலாம்.